எட்டாத கோடு

வலது தோள்பட்டையில் வலி வந்து இரண்டு வருடம் ஆகிறது. கழுத்திலிருந்து சுண்டுவிரல்வரை சுள்ளென்று இழுக்கும். நான் பள்ளி ஆசிரியை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன். ஐந்து டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நரம்புதான்" என்றார்கள். அது எனக்கே தெரியும்.

ஆறாவதாகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி கொடுத்தார். சுவரில் விரல்களை நண்டு மாதிரி மேலே நடத்தி, எட்டிய இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். சமையலறைச் சுவரில் ஆரம்பித்தேன். ஒரு மாதமாகியும் கோடு தாடையைத் தாண்டவில்லை.

ஒரு காலையில் நெற்றி உயரத்தில் புதுக்கோடு ஒன்று இருந்தது. அருகே வரப்போகும் வெள்ளிக்கிழமையின் தேதி, என் கையெழுத்தில்.

"நீங்க போட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டேன்.

"என் கையெழுத்து எனக்கே புரியாது. இது அழகா இருக்கே."

வெள்ளியன்று விரல்கள் சரியாக அந்தக் கோட்டில் போய் நின்றன. அழுதுவிட்டேன். பிறகு கோடுகள் முன்னால் வந்துகொண்டிருந்தன. நான் பின்னால் போய்த் தொட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று வந்த கோடு கூரையை ஒட்டி இருந்தது. தேதி, என் பிறந்தநாள்.

"ஸ்டூல் போட்டாலும் எட்டாதுங்க."

"அதுக்கென்ன, அன்னைக்கு நான் தூக்கிவிடறேன்."

"உங்க இடுப்பு போயிடும்."

இன்று காலை சுவரில், அவர் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு கால் பெருவிரல் தடங்கள் பதிந்திருந்தன. இடது விரல் கோணல், என்னுடையதுதான்.

பிறந்தநாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, இடுப்புக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தேன், வலது கையால்.