இரண்டு போர்ச்லிகள்

மாரீன் பென்சில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஞானஸ்நானப் பதிவேடு ரோலண்டின் முன்னால் திறந்திருந்தது.

ஆவணக் காப்பகத்தில் பேனா கூடாது. மூலையில் இருந்த மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுப் பென்சில் வாங்க வேண்டும்.

"கண்ணாடியை ரயில்லயே விட்டுட்டேன் போல. நீயே படி. எழுத்தா இது? கோழி கிளறின மாதிரி இருக்கு," என்றார் ரோலண்ட்.

இங்கிலாந்து முழுக்கத் தேடியும் போர்ச்லி என்ற குடும்பப்பெயர் மூன்று பேருக்குத்தான் இருந்தது. மாரீன், அவள் மகன் ஏட்ரியன், லீட்ஸில் தனியாக வாழும் ரோலண்ட்.

போர்ச் என்றால் வாசல் மண்டபம்; கோயில் வாசல் மண்டபத்தை ஒட்டிக் குடியிருந்தவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொன்னார்கள். மாரீனின் மூதாதை தாமஸ், ரோலண்டின் மூதாதை ஜான். இருவருக்கும் ஒரே கோயிலில், ஆறு வருட இடைவெளியில் ஞானஸ்நானம். அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

காலையில் ரயிலை விட்டு இறங்கியதுமே ரோலண்ட் தன் மூக்கையும் அவள் மூக்கையும் தொட்டுக்காட்டிச் சிரித்தார். அப்போதிலிருந்து அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

"ரத்த சொந்தம்னு உறுதியாகட்டும் தங்கச்சி. பையனை நான் பார்த்துக்கறேன்."

பையனுக்கு முப்பத்து நான்கு வயது. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். அம்மா கிறிஸ்துமஸைத் தாண்டமாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் யாரும் இல்லையென்றால் எங்கே இடம் காலியோ அந்த விடுதிக்கு அவனை அனுப்புவார்கள்.

மாரீன் குனிந்து படித்தாள்.

இடப்பக்கத்தில் தாமஸ். வாசல் மண்டபத்தில் கிடந்த ஆண் குழந்தை. பெற்றோர் தெரியவில்லை.

வலப்பக்கத்தில் ஜான். வாசல் மண்டபத்தில் கிடந்த ஆண் குழந்தை. பெற்றோர் தெரியவில்லை. வழக்கம்போல் போர்ச்லி என்று பெயரிடப்பட்டது.

அவள் 'வழக்கம்போல்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"தாமஸ். அப்பா ஜேம்ஸ், அம்மா ஆன்," என்றாள். "ஜான். அதே அப்பா, அதே அம்மா."

ரோலண்ட் தலையாட்டினார். பதிவேட்டை மெதுவாக மூடி, அதன் திண்டின் மேல் நேராக வைத்தார்.

வெளியே தூறல். பகல் உணவுக்கு ரோலண்ட் மாரீன் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. மாமா வருகிறார் என்று ஏட்ரியன் விடிந்ததுமே மூன்று தட்டுகளை எடுத்து வைத்திருந்தான்.

பஸ் நிறுத்தத்தில் ரோலண்ட் கோட்டின் உள்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நேர அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"பன்னிரண்டு பத்துக்கே ஸ்டேஷனுக்கு ஒரு பஸ் இருக்கு, மாரீன்."