முதல் குடம்

குழாயைத் திறந்துவிடுகிறவளே தினமும் முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனால், உங்களுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அந்தத் தீவு ஒரு தனி நாடு. கொடி உண்டு, தபால்தலை உண்டு, மூன்று மந்திரிகள் உண்டு. நல்ல கிணறுதான் இல்லை. மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து கடலோரமாக ஒரே ஒரு குழாய். வீட்டுக்கு ஒரு குடம். மழை பெய்து மூன்று மாசம்.

“தினமும் முதல் குடம் உங்களுக்குத்தானாக்கா? நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?” கைக்குழந்தைக்காரி அன்றைக்கு விடவில்லை.

குழாய்க்காரக்கா நிரம்பிய தன் குடத்தை நகர்த்திவைத்தாள்.

“முதல் தண்ணிதான் தெளிவு, அடியில வர்றது கலங்கல். தெரிஞ்சுதான் அமுக்குது ஊமைக்கோட்டான்!” தையல்காரர் எடுத்துக் கொடுத்தார்.

வரிசையில் நாலாவதாக நின்ற தண்ணீர் மந்திரி தொண்டையைக் கனைத்தார்.

“நாளையிலேர்ந்து முதல் குடம் கைக்குழந்தை வீட்டுக்கு. நீங்க கடைசிம்மா.”

“வேண்டாங்கய்யா...” அக்கா இழுத்தாள்.

“பாத்தீங்களா, வலிக்குது!” வரிசையே சிரித்தது.

மறுநாள் முதல் குடம் கைக்குழந்தைக்காரிக்கு. வீட்டுக்குப் போய்க் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு ஸ்பூன் ஊட்டினாள். குழந்தை துப்பிவிட்டு வீறிட்டது.

வாயில் வைத்துப் பார்த்தாள். ஒரே கரிப்பு.

குடத்தோடு ஓடினாள். கூட்டம் கலைந்திருந்தது. அக்கா கடைசிக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“சொல்ல வந்தேன், சிரிச்சுட்டீங்க. குழாய்ல எங்கயோ ஓட்டை. ராத்திரி பூரா கடல்தண்ணி கசிஞ்சு நிக்கும். முதல் குடத்தோட போயிடும், அப்புறம் நல்லதண்ணி. கப்பல்ல புதுக்குழாய் வந்தாத்தான் விடிவு.”

“கீழ ஊத்தித் தொலைக்கலாமே?”

“ஊத்தினா ஒரு வீட்டுக்குக் குறையுமே. தொட்டியில அளவாத்தானே எடுக்கச் சொல்லியிருக்காங்க?”

“நீங்க எப்படிக்கா குடிச்சீங்க?”

“கொதிக்கவெச்சு மூடியில சொட்டுறதைப் பிடிப்பேன். ரெண்டு தம்ளர் தேறும். ஒண்டிக்கட்டைதானே!” சிரித்ததில் வெடித்த உதட்டில் ரத்தம் துளிர்த்தது.

அக்கா தன் குடத்தை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டு, கரித்த குடத்தை வாங்கிக்கொண்டாள்.

கைக்குழந்தைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. நாலடி போனவள், திரும்பி வந்தாள்.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க... நாளையிலேர்ந்து பழையபடி முதல் குடத்தை நீங்களே எடுத்துக்குங்க.”