மடித்த புகார்

"புகாரை வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, மேடம்."

இதை மட்டும் கேட்காதே, வேலை போய்விடும் என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பாண்டீஸ்வரி எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் காரைக்குடி ஹோட்டலின் பெண்கள் புகார்க் குழுத் தலைவி தேனம்மை, மடித்த காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

"ஏத்தா, நீ கல்யாணம் ஆகவேண்டிய பிள்ள. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? ரிசப்ஷன்ல நிக்கிறவ கொஞ்சம் சிரிப்பைக் குறைச்சுக்க. துப்பட்டாவை ஒழுங்காப் போடு."

"அவ்வளவுதானா, மேடம்?"

"வயசு அப்படி. எங்க வயசு ஆயிட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

பாண்டீஸ்வரி காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். "கீழ பேரையாச்சும் படிச்சீகளா?"

கோணல்மாணலாக 'முத்துராக்கு' என்றிருந்தது.

"இங்க இருபது வருஷமாப் பாத்திரம் கழுவுறாகளே, எங்கம்மா. கிச்சன் சூப்பர்வைசர் கையைப் பிடிச்சு இழுத்தது அவுகளத்தான். வயசு அம்பத்திரண்டு. துப்பட்டா போடச் சொல்லவா, மேடம்?"

தேனம்மை அவசரமாகப் பேனாவைத் தேடினார். "இரு, கையெழுத்துப் போடுறேன்."

"வேணாம். இன்னொரு நகல் இருக்கு."

கலெக்டர் ஆபீஸில் அதைக் கொடுக்க, சிவகங்கை பஸ்ஸுக்கு அம்மாவை நிற்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.