மாசக் கடைசி விருந்து

"வறுத்த கடலை, பாப்கார்ன், உருளைக்கிழங்கு வறுவல். இவ்வளவுதானா? வர்றவங்க நம்மளைக் கஞ்சம்னு நினைக்க மாட்டாங்க?" அடுப்படியில் நின்று பொரிந்து தள்ளினாள் மனைவி.

"எல்லாரும் பழைய சிநேகிதங்க. தோட்டத்துல உக்காந்து பேசறதுக்கு இது போதும்," என்றார் கணவர்.

"உங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு ஆக்கிக் கொட்டியே என் காலம் போச்சு. என்னைத் தேடி யாராவது இந்த வாசல் ஏறியிருக்காங்களா?"

அவர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

மாலையில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பை வரவழைத்துக்கொண்டு பாப்கார்ன் பாத்திரத்தோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வந்திருந்தது தலை நரைத்த மூன்று பெண்கள்.

"அடியே குண்டூசி! எங்களைத் தெரியலையா?"

கல்யாணமாகி ஊர் மாறிய பிறகு அந்தப் பெயரால் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தாள்.

"நீங்களாடி? எப்படிடி வந்தீங்க?"

"உன் வீட்டுக்காரர்தான் ஒவ்வொருத்தியா தேடிக் கண்டுபிடிச்சு வரச் சொன்னார். மாசக் கடைசியில காசில்லாதப்போ, ஹாஸ்டல் ரூம்ல வார்டனுக்குத் தெரியாம அடுப்பு மூட்டி நீ செஞ்சு தருவியே, அதெல்லாம்தான் வேணும்னு நாங்கதான் அவர்கிட்ட கேட்டோம்."

நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. நால்வரும் புல்லில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். கணவர் நான்கு தட்டுகளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"தட்டு எதுக்குங்க?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்களுக்கு எப்பவும் ஒரே பாத்திரம்தான்."