அண்ணன் இல்லாத அண்ணி

டீச்சர் அவன் முதுகுப் பையின் வாரை உரிமையோடு இழுத்துச் சரிசெய்தபோது, பின்னால் வந்துகொண்டிருந்த மனைவிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். அந்தப் பையை அவளைக்கூட அவன் தொட விட்டதில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கிற அவன் வருஷம் முழுக்க லீவு எடுக்க மாட்டான். குளிர்காலம் முடிகிற இந்த நாலு நாள் மட்டும் யார் தடுத்தாலும் வடக்கே பனிமலைக்குக் கிளம்பிவிடுவான், அதுவும் இந்த டீச்சரோடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தானாம். பக்கத்து வீட்டுக்காரி காதில் ஓதியதும், இந்த முறை நானும் வருவேன் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

பேருந்தில் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விளக்கம் ஒன்றும் வேண்டாம் என்று இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சரை அவன் அண்ணி என்று கூப்பிட்டான். அவனுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தங்கை. அண்ணனே இல்லாதவனுக்கு அண்ணி எங்கிருந்து முளைத்தாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று பொருமினாள்.

மலையடிவாரத்து வனக்காவலர் எல்லோரிடமும் ஆயிரம் கேள்வி கேட்டார். இவர்களைப் பார்த்ததும், இந்த வருஷமும் வந்துட்டீங்களா என்று மட்டும் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். ஊரறிந்த ஜோடி போலிருக்கிறது.

மற்றவர்கள் உச்சிக்குப் போகும் பாதையில் ஏற, இவர்கள் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சரிவுக்குக் கீழே, கணுக்கால் புதையும் பனியில் இறங்கினார்கள். டீச்சர் அடி வைக்குமுன் அவன் நீளக் கம்பியைப் பனிக்குள் குத்திக் குத்திப் பார்த்தான். டீச்சரின் கால் பத்திரமாக இருந்தால் போதும், கட்டிய மனைவி எக்கேடு கெட்டால் என்ன என்று இவளுக்குக் கண் கலங்கியது. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், பதில் சரியில்லையென்றால் நேராக அம்மா வீடுதான்.

பாறையோரம் உட்கார்ந்ததும் டீச்சர் ஃபிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளரை அவனிடம் நீட்டினாள். அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“நான் ஒண்ணும் குருடி இல்ல டீச்சர். மலை வருஷம் பூரா இங்கதானே இருக்கு? வெயில் காலத்துல வரலாம். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரலாம். பனி உருகுற நாலு நாளாப் பாத்து, நீங்க ரெண்டு பேர் மட்டும் வர்றீங்களே, ஏன்?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அண்ணனப் பத்தி அவளுக்கு எதுவும் தெரியாது அண்ணி.”

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. அவன் வாங்காத டம்ளரை இவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“பனி உருகினாத்தாம்மா என் வீட்டுக்காரர் கிடைப்பார்.”