கராம்பு மணத்த நாவல்கள்

திரும்பக் கொடுக்க வேண்டிய புத்தகத்தை ஷெனாலி நூலக மேசையில் வைத்ததும், சனியன் விட்டது என்று கிறிஸ்தோபர் நினைத்துக்கொண்டான்.

இருநூற்றுச் சொச்சம் பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கதாநாயகி தன் அறைக் கதவை அறைந்து சாத்துகிறாள்.

உக்குவளையில் அவர்கள் இருக்கும் வீட்டில் அறைகளுக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். திரைச்சீலையை எவ்வளவு கோபத்தோடு இழுத்தாலும் சத்தம் வராது.

'இளையோர் நாவல்' என்று சீட்டு ஒட்டிய அந்தப் புத்தக இறாக்கையை அடியிலிருந்து நுனிவரை அவன் வெறுத்தான்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதற்பக்கத்தில் ஒருத்தி புது ஊருக்கு வருகிறாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு பையன் மதிலில் சாய்ந்து நிற்கிறான். அவனுக்கு வேறு வேலை இல்லை. கண்ணில் சோகம் இருக்கிறதாம். இரத்தோட்டை பஸ் நிலையத்தில் ஒருத்தன் தினமும் அப்படிச் சாய்ந்து நின்றால் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள்.

யாரும் சட்டி கழுவுவதில்லை. யாருக்கும் ஓ.எல். பரீட்சை வருவதில்லை. நோய் வந்தால்கூட முகம் வாடாத நோயாகப் பார்த்துத்தான் வருகிறது.

கிறிஸ்தோபர் வாசிக்கிறவன்தான். ஒரு வரியை வாசித்துவிட்டு, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்து, மலையைப் பார்த்தபடி அரை மணி நேரம் இருந்துவிடக்கூடியவன். இந்தப் புத்தகங்களில் அப்படி நிறுத்திவைக்க ஒரு வரி கிடைக்காது. சறுக்குமரம் மாதிரி, ஏறினால் இறங்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விட அவனுக்கு ஆகாதது அவர்களின் பேச்சு. மனதில் ஒன்று தோன்றினால் போதும், முழு வசனமாகக் கொட்டிவிடுகிறார்கள். 'நீங்கள் என்னைப் புரிந்துகொள்ளவேயில்லை' என்று ஒருத்தி சொல்கிறாள். எதிரே நிற்கிறவர் உடனே புரிந்துகொள்கிறார். அரைப் பக்கத்தில் காரியம் முடிந்தது.

எழுதியவர்கள் ஒரு தடவையாவது வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்களா என்று அவனுக்குச் சந்தேகம்.

ஆனாலும் ஒன்றுவிடாமல் வாசித்தான்.

ஷெனாலிக்குப் பதினைந்து வயது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரே பேசுவதுமில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். "சோறு போடவானு கேளுங்கம்மா" என்று டொறீனிடம் சொல்வாள். டொறீன் புருஷனைத் திரும்பிப் பார்ப்பாள். அவன் தலையாட்டுவான்.

மௌனம் அவனுக்குப் பழகியதுதான். இந்த மௌனம் வேறு. இதற்குள் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அவள் வாயிலிருந்து தனக்கென்று ஒரு பேச்சு வர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்கு வழி அவள் வாசிக்கிற புத்தகங்களுக்குள் எங்காவது கிடக்கும் என்று நம்பி, அவள் முடித்து வைத்ததையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் வேலைக்குக் கொண்டுபோனான்.

கிடைத்ததெல்லாம் மதிலில் சாய்ந்த பையன்.

சனிக்கிழமை டொறீனுக்கு வேலை. அதனால் ஷெனாலியை மாத்தளை நூலகத்துக்குக் கூட்டி வருவது அவன் பொறுப்பு. பஸ்ஸில் அவள் முன்னால் உட்காருவாள், அவன் பின்னால். இறங்கியபின்னும் அதே வரிசைதான்.

மேசைக்குப் பின்னாலிருந்த நூலகர் நுஸ்ரா புத்தகத்தைத் திறந்தாள். முகத்தைச் சுளித்தாள். மூக்கருகே கொண்டுபோய் மறுபடியும் மோந்து பார்த்தாள்.

"என்ன புள்ள, போன முறை கொண்டுவந்ததும் இப்படித்தான் மணந்துச்சு. கராம்பு மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சா வாசிக்கிற?"

கிறிஸ்தோபர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

இரத்தோட்டையில் கராம்பும் மிளகும் வாங்குகிற கடையில்தான் அவனுக்கு வேலை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாக்குகளின் மேல் உட்கார்ந்து வாசிப்பான். கராம்புக்குள்ளேயே கிடக்கிறவனுக்குக் கராம்பு மணப்பதில்லை. கையிலிருப்பது தாளில் ஏறும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

ஷெனாலி திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இல்ல மிஸ். அவருதான். நான் வாசிச்ச பிறகு எடுத்துட்டுப் போவாரு."

அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும்.

"யாரு, அப்பாவா?" நுஸ்ரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவனுக்குத் தெரிந்தது. "அப்பாவா இந்த லவ் கதையெல்லாம் வாசிக்கிறாரு?"

கிறிஸ்தோபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த இறாக்கையிலிருக்கும் எந்தப் புத்தகமானாலும் இந்த இடத்தில் வெளியே மழை பிடித்திருக்கும். அந்தப் பெண் கண் கலங்கி, ஆமாம், இவர்தான் என் அப்பா என்று ஒரு முழு வசனம் சொல்லியிருப்பாள். கிறிஸ்தோபர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடி எறிந்திருப்பான்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அப்பா இல்ல மிஸ்," என்றாள் ஷெனாலி. "அப்பா செத்துட்டாரு. அம்மா போன வருஷம் இவரைக் கட்டுனாங்க."

நுஸ்ராவின் சிரிப்பு நின்றுபோனது. முத்திரையைத் தேடுவதுபோல் இழுப்பறைக்குள் கையை விட்டாள்.

பொய்யில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

ஷெனாலி அந்த இறாக்கைக்குப் போனாள். முன்பு பாதியில் விட்டுத் திருப்பிக் கொடுத்த ஒன்றை, இளஞ்சிவப்பு அட்டை போட்ட தடிப் புத்தகத்தை, இழுத்து எடுத்து வந்தாள். மேசையைத் தாண்டி வந்து அவனுக்கு முன்னால் நின்றாள்.

"இது எல்லாத்தையும் விட மோசம்," என்றாள், அவன் முகத்தைப் பார்த்து. "பாதியிலயே தூங்கிட்டேன். நீங்க வாசிச்சிட்டு, கடைசியில என்னாச்சுனு எனக்குச் சொல்லுங்க."