பக்கத்து சீட்

"அக்கா, இந்த சீட்ல தெனமும் யார் உக்கார்றது?"

மெக்கானிக் தரணி கேட்டது பிரீத்திக்குச் சுருக்கென்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"ஏன் கேக்கறே? போன வாரந்தான் ஒயரை மாட்டிக் குடுத்தே. மறுபடி டேஷ்போர்டுல செவப்பு லைட்டு எரியுது. நீ சரியா மாட்டலன்னு சொல்லு."

"அம்மதோடு அக்கா, நல்லாத்தான் மாட்டினேன்" என்று தெலுங்கில் சத்தியம் செய்தான் தரணி. "இதோ, இந்த மஞ்சள் பிளக்கைப் பாருங்க. ஏர்பேகுக்கான ஒயர். யாரோ சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி, சாச்சுப் படுக்கறாங்க. ஒயரு இழுத்துக்கினு கழண்டுடுது. இந்த லைட்டு எரிஞ்சா, நாளைக்கு எங்கியாச்சும் இடிச்சாலும் பை விரியும்னு நம்ப முடியாது."

பிரீத்தி சீட்டை எட்டிப் பார்த்தாள். அவள் ஐந்தடி உயரம். அந்த சீட்டில் உட்கார்ந்தால் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாளே தவிர, பின்னால் தள்ளுகிற வேலையே இல்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் பன்னிரண்டு வயதான அந்தக் காரை அவள் புருஷன் உதயா திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். "பழைய வண்டின்னா லைட்டு எரியத்தான் எரியும், வுடு" என்று மூன்று வாரமாக அவன் மழுப்பியது இப்போது ஞாபகம் வந்தது.

தரணி சீட்டு இடுக்கிலிருந்து எதையோ வழித்துக் கையில் போட்டுக் காட்டினான். மஞ்சள் நிறத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள், ஒரு வேர்க்கடலை, ஒரு கறிவேப்பிலை.

வெள்ளிக்கிழமை அவள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம்!

விடிவதற்குள் எழுந்து தாளித்துக் கட்டிக் கொடுப்பது இவள். சீட்டைச் சாய்த்துக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிடுவது வேறு எவளோ!

அன்று சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த உதயாவிடம் நேராகவே கேட்டாள்.

"ஏங்க, வண்டில யாரை ஏத்திக்கினு போறீங்க?"

அவன் கை அப்படியே நின்றது. "யாரை ஏத்தப்போறேன்? ஒருத்தனாத்தான் போறேன், ஒருத்தனாத்தான் வரேன்."

"அப்ப அந்த சீட்டை யார் பின்னால தள்றது? உங்க கூட வேலை செய்றாளே, ஹரிப்ரியா, அவளா?"

"அவ வேலைய வுட்டுப் போயி மூணு வாரம் ஆவுது" என்றவன், சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னவன் போல நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு, "நம்ம தீனா மேல சத்தியமா சொல்றேன், எந்தப் பொம்பளையும் அந்த வண்டில ஏறல" என்றான்.

பெற்ற பிள்ளை மேல் சத்தியம் வேறு! பிரீத்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஹரிப்ரியா வேலையை விட்டு மூன்று வாரம். லைட்டு எரிய ஆரம்பித்தும் மூன்று வாரம். வேலை இல்லாதவளுக்குப் பகலெல்லாம் ஓய்வுதானே.

நகரியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "தீனாவைக் கூட்டிக்கினு அங்கியே வந்துடுவேன் போல கீது, அம்மா" என்று அழுதாள். அழுது முடித்ததும் காரியத்தில் இறங்கினாள். தன் பழைய போனின் சத்தத்தை அமுக்கி, அது இருக்கும் இடத்தைப் புதுப் போனில் காட்டும்படி செய்து, காரின் சீட்டு முதுகிலிருந்த பைக்குள் செருகி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உதயா கிளம்பினான். தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் சாப்பாட்டு டப்பா, ஒன்றிலும் குறைவில்லை. பதினோரு மணிக்கு பிரீத்தி போனைப் பார்த்தாள். ஸ்ரீசிட்டியில் இருக்க வேண்டிய புள்ளி, பாதி வழிகூடப் போகாமல் வடமாலபேட்டை பக்கம் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கும் அங்கேயே.

போன் போட்டாள். "எங்க கீறீங்க?"

"கம்பெனிலதான். மிஷின் ஓடிக்கினு கீது, அப்பறம் பேசறேன்."

மிஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. குயில்தான் கூவியது.

பிரீத்தி ஸ்கூட்டரை எடுத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, தீனாவையும் கூட்டிக்கொண்டு நகரிக்குப் போய்விடுவது என்று வழியிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

வடமாலபேட்டை தாண்டி, மெயின் ரோட்டை விட்டு விலகிய மண் பாதையில், ஒரு மாந்தோப்பு ஓரமாக நின்றிருந்தது அவர்களுடைய கார். டிரைவர் சீட் காலி. பக்கத்து சீட் முழுக்கச் சாய்ந்து கிடந்தது. கண்ணாடியில் மர நிழல் விழுந்து ஆள் முகம் தெரியவில்லை. டேஷ்போர்டு மேல் நீட்டிய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். "எறங்குடி கீழே!"

அலறியடித்துக்கொண்டு எழுந்தது உதயா. அவன் மடியிலிருந்த டப்பா சரிந்து, சோறு சீட்டுக்கு அடியில் கொட்டியது. வண்டியில் வேறு யாருமே இல்லை.

"கம்பெனில எங்க மிஷின் லைனையே மூடி, எல்லாரையும் வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க பிரீத்தி, மூணு வாரம் ஆவுது. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "சாயங்காலம் வரைக்கும் எங்கியாச்சும் உக்காரணுமே... ஸ்டீரிங் இல்லாத பக்கந்தான் கொஞ்சம் காலை நீட்ட முடியுது."